கலீச்சா அக்காவின் நாற்பது விநாடி

கடிகாரம் ஏழு ஐம்பத்தெட்டைக் காட்டும்போது கலீச்சா அக்கா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவார். பல்லிடுக்கில் கடித்துக்கொண்டிருக்கும் சர்க்கரைக் கட்டியைக் கன்னத்துக்குள் தள்ளுவார். எங்கள் துணைமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைச் சுவரிலிருந்து வட்டக் கடிகாரத்தை இறக்கி மடியில் மல்லாத்தி வைத்துக்கொள்வார். வலது கட்டைவிரல் கடிகாரத்தின் முதுகில் இருக்கும் திருகைத் தேடிப் போய் உட்காரும். விநாடி முள் பன்னிரண்டைத் தொட்டு ஏழு ஐம்பத்தொன்பது ஆகிற அதே நொடியில், இடது கை, ஒலிபெருக்கி வைத்த லைன் தொலைபேசியின் பொத்தானை அழுத்தும். நாற்பத்தொரு கிலோமீட்டருக்கு அப்பால், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் துணைமின் நிலையத்தில் மணி அடிக்கும்.

அங்கே எடுப்பவர் சோபிர்ஜான். "வந்துட்டேன் அக்கா, ஒரு நொடி" என்பார். நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்கும். பிறகு பனி எவ்வளவு, வெங்காயம் என்ன விலை என்று அரை நிமிடப் பேச்சு. பிறகு இருவரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்துவார்கள். தொலைபேசிக்குள் வெறும் இரைச்சல் ஓடும்.

"எட்டு" என்பார் சோபிர்ஜான்.

அக்காவின் கட்டைவிரல் திருகில் காத்திருக்கும். மாதத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு மயிரிழை திருப்புவார். மற்ற நாட்களில் முள் ஏற்கெனவே எட்டில் நிற்கும்.

"பார்த்தியா தம்பி?" என்று கடிகாரத்தை மறுபடி ஆணியில் மாட்டுவார். "ரெண்டு நாடு, ஒரே விநாடி. நம்ம ரெண்டு மந்திரிங்களால முடியுமா இது?"

நான் அதே ஷிப்டில் ரிலே, அதாவது கோளாறு வந்தால் லைனைத் துண்டிக்கச் சொல்லும் கருவிகளை, பார்க்கிறவன். என் மேசை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான்கு வருடம் அந்த முதுகைப் பார்த்திருக்கிறேன். அவர் கோபமாக இருந்தால் கம்பளிச் சட்டையின் கழுத்து மடிப்பு முதலில் சிவக்கும்; முகம் அப்புறம்தான்.

அந்தக் கடிகாரம் எங்கள் ஊர் நேரத்தைக் காட்டாது. இந்த நாடுகள் எல்லாம் ஒரே ஒன்றியமாக இருந்த காலத்தில் இந்த வட்டாரத்து மின்பாதைகள் எல்லாவற்றையும், இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட தாஷ்கண்டில் இருந்த ஒரே மையம் நடத்தியது. நாடுகள் பிரிந்தன. கம்பிகள் பிரியவில்லை. எனவே பதிவேட்டில் இன்றும் தாஷ்கண்ட் நேரம்தான், எங்களுக்கு ஒரு மணி நேரம் பின்னால். நாங்கள் ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்து எட்டு மணிக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள். கைபேசியை வைத்துச் சரிபார்க்கலாமே என்று கேட்கலாம். எல்லையோரத்தில் கைபேசி ஜன்னலருகே எங்கள் கோபுரத்தைப் பிடிக்கும், கதவருகே அவர்கள் கோபுரத்தைப் பிடிக்கும். தண்ணீர் குடிக்கப் போய்வருவதற்குள் ஒரு மணி நேரம் இளமையாகிவிடலாம்.

செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்கும் கருவி ஒன்று நிலையத்துக்கு வந்ததுதான். கூரையில் இருந்த அதன் ஆன்டெனாவை மூன்றாவது குளிர்காலத்தில் பனி முறித்தது. மாற்றித் தரும்படி அக்கா பதினோரு கடிதம் எழுதினார். பதினொன்றின் நகல்களும் ஒரு நீலக் கோப்பில் இருந்தன. பதில் ஒன்றுகூட இல்லை. அதனால் பழைய வழியே வழியானது: காலையில் ஒரு தொலைபேசி, ஒரு "எட்டு".

சோபிர்ஜானை அக்கா ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருடக் குரல் அது. அவர் உஸ்பெக்கில் பேசுவார், அக்கா கிர்கிஸில் பேசுவார், இருவருக்கும் புரியும். அவர் வீட்டில் மூன்று பெண் குழந்தைகள் பிறந்ததும், மூத்தவள் பல் மருத்துவம் படிக்கப் போனதும், எல்லை மூடிக்கிடந்த வருடங்களில் வாதுமை மரம் காய்த்ததும் அக்காவுக்குத் தெரியும். முகம் தெரியாது.

"எப்படி இருப்பார்னு நினைக்கிறீங்க அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உயரமா இருப்பான். நேரம் சொல்ற ஆளு குட்டையா இருந்தா எப்படிடா நம்பறது?"

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. முற்பகல். அக்கா பதிவேட்டில் பதினொரு மணிக்கான கட்டத்தைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மின்சாரத்தின் அலைவெண் காட்டும் முள் ஐம்பது ஹெர்ட்ஸில் நிற்க வேண்டியது. அது லேசாக நடுங்கியது, பிறகு மாடிப்படியில் தவறிய கால்போல இறங்கியது. அக்கா எழுந்து நின்றார். முள் கீழே போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் வெளியே முற்றத்தில் எங்கள் பெரிய பிரேக்கர் வெடித்ததுபோலத் திறந்துகொண்டு லைனைத் துண்டித்தது. கட்டுப்பாட்டுப் பலகையில் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. எங்கள் தொழிலில் சிவப்பு உயிர், பச்சை சாவு. ஒரு மூச்சுக்குள் பலகை முழுவதும் வசந்தகாலம்போலப் பச்சை.

அக்கா முதலில் செய்தது கடிகாரத்தைப் பார்த்தது. பத்து ஐம்பத்தெட்டு, இருபத்தாறு விநாடி. எழுதினார். பிறகுதான் தொலைபேசியை எடுத்தார்.

"சோபிர், உன் பக்கம்?"

"திறந்துடுச்சு அக்கா. எல்லாம் போச்சு. பத்து ஐம்பத்தெட்டு இருபத்தாறு."

"எனக்கும் அதேதான். உயிரோட இருக்கியா?"

"இருக்கேன். இங்க இருட்டுல என் ரிலேக்காரன்தான் அழுதுட்டு இருக்கான்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அழவில்லை.

அன்று மூன்று நாடுகள் அணைந்தன. அவர்கள் பக்கத்துப் பெருநகரில் சுரங்க ரயில்கள் பாதியில் நின்றன. எங்கள் பக்கத்தில் தண்ணீர் ஏற்றும் மோட்டார்கள் நின்றன. மின்சாரம் திரும்பி வரப் பாதி நாள் ஆனது. தண்ணீர் ஐந்தாம் மாடிக்கு ஏற நான்கு நாள் ஆனது. குற்றச்சாட்டு மட்டும் அன்று மாலையே வந்துவிட்டது. எங்கள் அதிகாரிகள் பக்கத்து நாட்டைச் சொன்னார்கள். பக்கத்து நாடு எங்களைச் சொன்னது. மூன்றாவது நாடு இருவரையும் சொல்லிவிட்டு, தன் பக்கம் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்றது.

எங்கள் குடியிருப்பில் தண்ணீர் லாரிக்கு முன்னால் வாளிகளோடு வரிசை. அக்கா மேல்மாடி, நான் அவருக்குக் கீழ்மாடி. இருவரும் சேர்ந்துதான் நின்றோம்.

"வந்துட்டாங்கப்பா சுவிட்ச் அக்கா!" என்றான் முன்னால் நின்ற ரொட்டிக்கடைக்காரன். "ஏன்க்கா, தூசி தட்டுறப்போ கை பட்டுடுச்சா?"

"இல்லடா. உன் மாமியா குளிக்கணும்னு ஹீட்டரைப் போட்டாளாம். அதுல மூணு நாடும் படுத்துடுச்சு."

வரிசை சிரித்தது. அவனும் சிரித்தான். பின்னால் இருந்து ஒரு பெண் சொன்னாள்: "அந்தப் பக்கத்துக்காரன் நம்ம கரண்ட்டை மொத்தமா உறிஞ்சிட்டானாமே. டிவில சொன்னாங்க."

"கரண்ட்டே இல்லாம டிவி எப்படிம்மா பார்த்தே?" என்றார் அக்கா.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அக்காவின் கழுத்து மடிப்பு சிவந்திருந்தது.

ஆறாம் நாள் தலைநகரிலிருந்து விசாரணைக் குழு வந்தது. மூன்று பேர். நிலையத் தலைவர் மமசாலி ரொட்டி, உலர்திராட்சை, சூடான தேநீர் எல்லாம் வைத்து, தன் அறையைக் காலி செய்து கொடுத்தார். குழுத் தலைவர் மெலிந்த மனிதர். கோட்டைக் கழற்றவில்லை. அக்காவைத் தந்தை பெயரும் சேர்த்து "கலீச்சா இசாகோவ்னா" என்று கூப்பிட்டார். எங்கள் அலுவலகங்களில் அந்த அளவு மரியாதை வந்துவிட்டால் வேலைக்கு ஆபத்து என்று அர்த்தம். என்னையும் கூப்பிட்டு ஓரத்தில் உட்காரவைத்தார்கள், ரிலே அமைப்புகளின் தாள்களோடு.

"கலீச்சா இசாகோவ்னா, வடக்கு நிலையத்துல தானியங்கிக் கருவி இருக்கு. அது சொல்லுது, அலைவெண் விழ ஆரம்பிச்சது சரியா பத்து ஐம்பத்தொம்பதுக்கு. உங்க லைன் ஐம்பத்தெட்டு இருபத்தாறுக்கே திறந்திருக்கு. முப்பத்திநாலு விநாடி முன்னாடி. அப்போ ஆரம்பிச்சது யாரு?"

"முள் விழுந்துச்சு. அதுக்கப்புறம்தான் பிரேக்கர் திறந்துச்சு. கண்ணால பார்த்தேன்."

"கண்ணு கையெழுத்துப் போடாது. பதிவேடுதான் போடும்."

"பதிவேட்டுலயும் அந்த வரிசைலதானே எழுதியிருக்கேன்?"

"வரிசையை விடுங்க. இன்னொண்ணு." அவர் ஒரு நகலை முன்னால் தள்ளினார். "அந்தப் பக்கத்துப் பதிவேடு. அதே இருபத்தாறு. ரெண்டு நாடு, ரெண்டு கடிகாரம், ஒரே விநாடி. இதை நான் மேல கொண்டுபோனா என்ன சொல்வாங்க? பேசி வெச்சு எழுதியிருக்காங்கன்னு சொல்வாங்க."

இருபத்திரண்டு வருடமாக அவர் பெருமையாகச் சொன்ன வாக்கியம் மேசைமேல் குற்றப்பத்திரிகையாகக் கிடந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேரம் ஒத்துப்போனா குத்தமாய்யா?"

குழுத் தலைவர் குரலை இறக்கினார். "நான் உங்களுக்கு உதவி பண்ணத்தான் வந்திருக்கேன். அவன் போன்ல 'இருபதுக்குத் திறந்துடுச்சு'ன்னு சொன்னதா ஒரு விளக்கக் கடிதம் எழுதுங்க. ஆறே விநாடி. ஆரம்பிச்சது அவன்னு ஆயிடும். நீங்க நல்லா இருப்பீங்க, நிலையம் நல்லா இருக்கும், நாடும் நல்லா இருக்கும்."

"அவன்?"

"அவனுக்கு ஒரு நாடு இருக்குல்ல."

"யோசிச்சு எழுதறேன்" என்றார் அக்கா. அவருக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. எழுதாவிட்டால் மூன்று நாடுகளை அணைத்தவர் என்ற பெயரோடு வெளியே போக வேண்டும். எழுதினால் அந்தப் பெயர் நாற்பத்தொரு கிலோமீட்டர் தள்ளி ஒருவர் தலையில் விழும். அறையில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. மமசாலி உலர்திராட்சையைக் காம்பு கிள்ளி வைத்துக்கொண்டே இருந்தார்; யாரும் சாப்பிடவில்லை.

கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பியதும் அக்கா சொன்னார்: "தம்பி, உன் ரேடியோவை எடு."

எங்கள் வானொலியில் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பீப் வரும். ஆறாவது பீப்தான் சரியான மணி. வானொலிக்கு ஊர் நேரம், கடிகாரத்துக்குத் தாஷ்கண்ட் நேரம். ஆனால் விநாடிக்கு நாடு கிடையாது. இருவரும் கடிகாரத்துக்கு அடியில் நின்றோம். ஆறாவது பீப் அடித்தது. எங்கள் விநாடி முள் நான்கு என்ற எண்ணில் இருந்தது. அது மெதுவாக, வெட்கமில்லாமல், பன்னிரண்டு வரைக்கும் நடந்து போனதை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நாற்பது விநாடி பின்னால்.

நான் தாளில் கூட்டினேன். இருபத்தாறோடு நாற்பது. லைன் உண்மையில் திறந்தது பத்து ஐம்பத்தொன்பதும் ஆறு விநாடியும். அலைவெண் விழுந்த பிறகுதான். அக்காவின் கண் பார்த்தது சரி. எங்கள் லைன் எதையும் ஆரம்பிக்கவில்லை. எங்கேயோ ஆரம்பித்தது ஒன்று எங்களைத் தேடி வந்திருக்கிறது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் பக்கம் திரும்பினேன். கழுத்து மட்டுமில்லை, முகமே சிவந்திருந்தது.

"பாவி" என்றார். "இருபத்திரண்டு வருஷமா எனக்குத் தப்பு நேரம் சொல்லிட்டு இருந்திருக்கான். தினம் தினம். எட்டாம் எட்டு!"

மமசாலிக்கு விஷயம் சொன்னபோது அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அப்புறம் என்ன கலீச்சா! பொய்யே எழுத வேண்டாம். உண்மையை எழுது. என் கடிகாரம் அவன் சொன்ன நேரத்துல ஓடுது, அவன் நேரம் தப்பு, அவ்வளவுதான். நீயும் தப்பிச்சே, குழுவும் குளிர்ந்து போயிடும். குத்தம் எல்லைக்கு அந்தப் பக்கம்!"

"செயற்கைக்கோள் கருவிக்குப் பதினோரு தடவை எழுதினேனே, அது?"

"அதை எதுக்கு இப்போ கிளர்றே? கேட்டவங்க பதில் சொல்லணும்னு ஆயிடும். பதினாலு மாசம். கண்ணை மூடிட்டு உண்மையை எழுது."

அன்று மதியம் முழுவதும் எழுதினார். மூன்று தாளைக் கிழித்தார். முதல் தாளில் சோபிர்ஜானின் பெயர் இருந்தது. அவர் கிழித்துப் போட்டதைக் கூடையில் பார்த்தேன். மூன்றாவதிலும் இருந்தது. பேனாவை மேசைமேல் எறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்துக் கத்தினார்: "எனக்கு அவன்மேல கோவம்! இந்தக் கோட்டுக்காரன் எதுக்கு நடுவுல வர்றான்?"

நான்காவது தாள் நான்கே வரி. பதிவேட்டுக் கடிகாரம் நாற்பது விநாடி பின்தங்கியிருந்தது. அதைச் சரியாக வைப்பது என் பொறுப்பு. லைன் திறந்தது அலைவெண் விழுந்த பின். கருவி கேட்டு எழுதிய கடிதங்களின் நகல்கள் பதினொன்று இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

மமசாலி இரண்டு முறை படித்தார். "அவன் பேரு எங்க?"

"கடிகாரம் யாருது? என்னுதுதானே. அவன் சொன்னதை நம்பினது நான். அதுக்கு அவன் எப்படிக் கையெழுத்துப் போடுவான்?"

"நீ பிழைக்க மாட்டே."

"இவ்வளவு நாள் பிழைச்சேன்ல."

மறுநாள் காலை குழுத் தலைவர் கட்டுப்பாட்டு அறையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். லைன் தொலைபேசியில் இப்போது பதிவுக் கருவி மாட்டியிருந்தார்கள். அக்கா கிண்ணத்தை வைத்தார். கடிகாரத்தை இறக்கவில்லை. ஏழு ஐம்பத்தொன்பதுக்குப் பொத்தானை அழுத்தினார்.

"கேட்கிறேன்" என்றார் சோபிர்ஜான். வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது. அவர் பக்கத்திலும் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நாற்காலி இழுபடும் சத்தம் இல்லை.

"சோபிர், என் கடிகாரம் நாற்பது விநாடி பின்னாடி இருக்கு. எழுதிக் குடுத்துட்டேன்."

இரைச்சல். குழுத் தலைவர் பேனாவை மூடித் திறந்தார்.

"சரிங்க. பதிவு பண்ணிக்கிட்டேன்" என்றது குரல். அக்கா என்றுகூட அவர் சொல்லவில்லை.

அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது.

குழு ஊருக்குப் போய் அறிக்கை வெளியிட்டது. குற்றம் அந்தப் பக்கம். அந்தப் பக்கத்து அறிக்கையும் வந்தது. குற்றம் இந்தப் பக்கம். இரண்டையும் தேடிப் படித்தேன். நாற்பது விநாடியைப் பற்றி இரண்டிலும் ஒரு சொல் இல்லை. பதினோரு கடிதங்களைப் பற்றியும் இல்லை. அக்காவுக்கு மட்டும் தனியாக ஓர் உத்தரவு வந்தது. நேரப் பதிவில் கவனக்குறைவு. கட்டுப்பாட்டு அறையிலிருந்து விலக்கி, நகர அலுவலகத்தின் புகார்ச் சன்னலுக்கு மாற்றம்.

அந்தப் பதினான்கு மாதத்தை அவர் அந்தச் சன்னலில்தான் கழித்தார். மின்சாரம் போன ஒவ்வொரு தெருவும் வந்து அவர் முகத்தில் கத்தியது. நான் எப்போதாவது அந்தப் பக்கம் போனால் ஓரமாக நிற்பேன்.

"எங்க டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு மூணு நாள் ஆச்சு, நீங்க இங்க உக்காந்து டீ குடிங்க!" என்று ஒரு கிழவர் சன்னலைத் தட்டுவார்.

"பெரியவரே, எரிச்சது நானில்ல. எழுதிக்கிறது மட்டும்தான் நான்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றீங்க!"

அக்கா எழுதிக்கொள்வார். நேரம் போடும் கட்டத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து, விநாடியும் சேர்த்து. அந்தப் படிவத்தில் விநாடிக்கு இடமே இல்லை. ஓரத்தில் பொடியாக எழுதுவார்.

ஒருநாள் கூட்டம் குறைந்தபோது அவராகவே சொன்னார்: "பதினோரு லெட்டருக்குப் பதில் வரலைன்னு எனக்கு இப்போ வருத்தமில்லடா. அதை எதிர்பார்க்கவும் இல்ல. அந்த சோபிர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் கடிகாரம் சரியான்னு பார்த்திருக்கலாம். அவனை நம்பித்தானே நான் இருந்தேன்?"

அவர் சன்னலை மூடினார், நேரம் ஆகிவிட்டதால்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, அந்த இலையுதிர்காலத்தில், இரு பக்கத்து ரிலேக்காரர்களுக்கும் எல்லைக்கு அந்தப் பக்கம் அந்திஜானில் ஒரு கூட்டுப் பயிற்சி நடந்தது. என்னை அனுப்பினார்கள். மதியச் சாப்பாட்டின்போது ஒரு குட்டையான மனிதர், பாதி வழுக்கை, என் சட்டையில் குத்தியிருந்த நிலையப் பெயரைப் படித்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. அந்தக் குரலை நான்கு வருடம் கேட்டிருக்கிறேன்.

"அக்கா எப்படி இருக்காங்க?"

சொன்னேன். புகார்ச் சன்னலைப் பற்றியும். அவர் தன்னையும் கிடங்குக் கணக்குக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். "என்கிட்டயும் அதே கதைதான் தம்பி. அக்கா ஆறு விநாடி முன்னாடி திறந்தாங்கன்னு எழுதச் சொன்னாங்க எங்க அதிகாரிங்க. முடியாதுன்னேன். அன்னிக்கு அக்கா போன்ல சொன்னதும் போய்ப் பார்த்தேன், என்னுதும் நாற்பது விநாடி பின்னாடி. என் கடிகாரம், என் பொறுப்புன்னு எழுதிக் குடுத்துட்டேன். அவங்க பேரை இழுக்கல. ஆனா மனசுக்குள்ள அக்காமேல ரொம்பக் கோவம். இப்பவும் இருக்கு."

"அக்கா மேலயா? ஏன்?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார், தெரிந்த விஷயத்தைக் கேட்கிறானே என்பதுபோல.

"அவங்ககிட்ட இருந்துதானே தம்பி நான் நேரம் வாங்கினேன்? சரியா ஏழு ஐம்பத்தொம்பதுக்கு மணி அடிப்பாங்க, ஒரு நாள் தப்பினதில்ல. அந்த மணியைக் கேட்டதும் இருபத்திரண்டு வருஷமா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவத்துல இருக்கற என் கடிகாரத்தை ஏழு ஐம்பத்தொம்பதுக்குத் திருப்பி வெச்சுட்டு இறங்குவேன். அதுக்கப்புறம்தான் 'எட்டு'ன்னு சொல்லுவேன்."